கதவுக்கு உள்ளே இருந்த பாப்பா

எனக்கு எட்டு வயதாகும் வரை மாமா எனக்கு மட்டும்தான் சொந்தம் என்று நினைத்திருந்தேன். அப்படி நினைக்க வைத்தவர்கள் பெரியவர்கள்தான். கோலா பிலாவுக்கு அப்பால் இருந்த எங்கள் தோட்டத்தில் மாமா செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து குளித்த பிறகு என்னை மோட்டார் சைக்கிளின் முன்னால் உட்கார வைத்து ஒரு சுற்று சுற்றி வருவார். வாசலில் துணி காயப்போடுகிற அக்காமார்கள், "என்ன பாப்பா, மாப்பிள்ளையோட ஊர்வலமா?" என்று கேட்பார்கள். அம்மாவின் தம்பி எனக்கு முறை மாப்பிள்ளை என்பது அவர்களுடைய கேலி. எனக்கு அது கேலி என்று தெரியாது. ஆமாம் என்று தலையாட்டுவேன்.

அம்மாவைப் பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் மாமாவை வளர்த்தது அம்மாதான். எங்கள் வீட்டின் சின்ன அறை அவருடையது. அதில் அவருடைய கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பது என் உரிமை. பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போனால் ஐஸ் காச்சாங் ஒரு கிண்ணம் வாங்கி, கரண்டி மட்டும் இரண்டு கேட்பார். சிவப்புப் பாகு ஊறிய பக்கம் எனக்கு.

பிறகு மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். அத்தை ரஹாங்கில் பிறந்து வளர்ந்த டவுன் பெண். தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். கல்யாணத்தன்று மணவறையில் இருவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு நான் இறங்க மறுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டும் போய்விட்டார்கள். கல்யாண ஆல்பத்தில் நான் இருக்கிற எந்தப் படத்திலும் நான் சிரிக்கவில்லை.

அன்றைக்குப் பின் சின்ன அறைக்கு ஒரு திரைச்சீலை வந்தது. என் பாய் அம்மா அப்பாவின் அறைக்குப் போனது. அத்தை என்னை முதல் நாளிலிருந்தே "பாப்பா" என்று கூப்பிட்டார், வீட்டில் எல்லோரும் கூப்பிடுவது போல. நான் காது கேட்காதவள் போல இருந்தேன். துணி காயப்போடுகிற அக்காமார்கள் கேலியை மட்டும் நிறுத்தவில்லை. "என்ன பாப்பா, உன் மாப்பிள்ளைய டவுன்காரி கொத்திக்கிட்டுப் போயிட்டாளே." நான் வீட்டுக்குள் ஓடிப் போய் அத்தையின் சீப்பை அலமாரிக்குப் பின்னால் போட்டுவிட்டு வருவேன்.

கல்யாண விருந்துகள் இன்னும் முடியவில்லை. ஒருநாள் அத்தையின் உறவினர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த மாமா வயிறு வலிக்கிறது என்றார். முதலில் தொப்புளைச் சுற்றி, பிறகு வலது பக்கம். ஆட்டிறைச்சி ஒத்துக்கொள்ளவில்லை, வெறும் காற்றுதான் என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வலி அத்தை வீட்டுச் சாப்பாட்டிலிருந்து வந்திருக்கிறது அல்லவா.

"கிளினிக்குப் போலாம் லா," என்று அத்தை சொன்னார்.

"கல்யாணத்துக்கே நிறைய லீவு எடுத்தாச்சு. வேலை வாங்குற மண்டோர் முகத்துல எப்படி முழிக்கிறது? நாளைக்குப் பாப்போம்," என்றார் மாமா.

அந்த நாளை வந்தது, போனது. மாமா வலியோடு குலை வெட்டப் போனார், பாதியில் திரும்பி வந்து சுருண்டு படுத்தார். பிறகு ஒரு மத்தியானம் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார். "வலி விட்டிருச்சு. சொன்னேன்ல," என்று அத்தையைப் பார்த்துச் சிரித்தார். தேநீர் வாங்கிக் குடித்தார். என்னைக் கூப்பிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக, மடியில் உட்கார வைத்துக்கொண்டார். அந்த மத்தியானத்தைவிட நல்ல மத்தியானம் என் வாழ்க்கையில் அதுவரை இருந்ததில்லை. வயிற்றுக்குள் குடல்வால் வெடித்தால் வலி சற்று நேரம் அப்படித்தான் அடங்கும் என்பதை நான் டாக்டர் வாயால் கேட்டது வளர்ந்து வெகுகாலம் கழித்து.

சாயங்காலத்துக்குள் மாமாவுக்குக் குளிர் எடுத்தது. வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. போர்வை பட்டால்கூட முனகினார். அப்பா பக்கத்து வீட்டு வேனை எடுத்து வந்தார். கோலா பிலா மருத்துவமனையில் பார்த்துவிட்டு, சிரம்பானுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று உடனே ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கூட ஒருவர்தான் ஏறலாம். அம்மா ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். ஆம்புலன்ஸ்காரர், "இஸ்திரி?" என்று கேட்டார். மனைவியா என்று. அம்மா காலை எடுத்துக்கொண்டார். அத்தை ஏறினார்.

தான் சோறூட்டி வளர்த்த தம்பியோடு, மூன்று வாரம் முன்பு வந்தவள் போகிறாள். அம்மா அந்த வண்டியின் விளக்கு வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். வேனில் புக்கிட் புத்துஸ் மலைப்பாதை வளைவுகளில் நாங்கள் பின்னால் போனபோது அம்மாவும் நானும் ஒரே விஷயத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு வந்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

மருத்துவமனையில் டாக்டர் சொன்னதை அப்பா அம்மாவுக்குத் திருப்பிச் சொன்னார். குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவியிருந்தது. குடலில் ஒரு பகுதி கறுத்து அழுகிவிட்டதால் அதை வெட்டி எடுத்தார்கள். வயிற்றுக்குள் உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினார்கள். அது போதவில்லை. இரண்டு நாளில் மறுபடியும் திறந்து கழுவினார்கள். ரத்தத்திலும் கிருமி இறங்கிவிட்டதாம். பெரிய பெரிய மருந்துகள் நரம்பு வழியாக ஏறிக்கொண்டிருந்தன, வயிற்றிலிருந்து குழாய்கள் வழியாக அழுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. "சாமிய வேண்டிக்குங்கன்னு டாக்டரே சொல்றாரு," என்று அப்பா முடித்தார்.

சிறு பிள்ளைகளை வார்டுக்கு விட மாட்டார்கள். நான் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பாவோடு உட்கார்ந்திருப்பேன். மேலே போக ஒரே ஒரு பாஸ். கழுத்தில் மாட்டுகிற மஞ்சள் அட்டை. அத்தை கீழே வந்து அதைக் கழற்றி அம்மாவிடம் கொடுப்பார், அம்மா போய்விட்டு வந்து அத்தையிடம் கொடுப்பார். அந்த அட்டை இரண்டு கழுத்துகளுக்கு நடுவே போய் வந்துகொண்டே இருந்தது. என் கழுத்துக்கு வரவே இல்லை.

ஒருநாள் வைராக்கியத்தை விட்டு நானே அத்தையிடம் பேசினேன். "மாமா என்னைக் கேட்டாரா?"

"மாமாவால பேச முடியாது பாப்பா. வாயில குழாய் போட்டிருக்காங்க."

பொய் என்று முடிவு செய்தேன். வாயில் குழாய் போட்டால் ஒரு மனிதன் எப்படிச் சாப்பிடுவான்? மாமா பேசுகிறார், என்னைக் கேட்கிறார், அத்தைதான் மறைக்கிறார். அத்தையின் கண் வீங்கியிருந்ததும், தலை வாராமல் இருந்ததும் என் கண்ணில் பட்டன. ஆனால் அவற்றை நான் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

பிழைத்துக்கொண்டார் என்று ஆன பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று மாமா வீட்டுக்கு வர. வந்தவர் பாதி மாமா. கன்னம் ஒட்டி, சட்டை தொங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளப் பார்த்தேன். அத்தை குறுக்கே கையை நீட்டித் தடுத்தார். "வேணாம் பாப்பா, மாமாவுக்கு வயித்துல புண்ணு." மாமாவும் ஒரு அடி பின்னால் போனார். அந்த ஒரு அடி எனக்கு அத்தையின் கையைவிட அதிகமாக வலித்தது.

மறுநாள் அப்பா சின்ன அறைக்குப் பலகையில் ஒரு கதவு அடித்தார். உள்பக்கம் தாழ்ப்பாள். அதற்குப் பின் ஒரு நாளைக்குப் பல தடவை அத்தை வாளியில் வெந்நீரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு உள்ளே போவார், தாழ்ப்பாள் விழும். வெகுநேரம் கழித்து வெளியே வருவார். கையில் நன்றாக முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை. கேட்டால் அம்மா, "அது பெரியவங்க விஷயம், போய் விளையாடு," என்பார். மாமாவின் மடி இல்லை, மோட்டார் இல்லை. அவருக்குத் தனித் தட்டு, உப்புப் போட்ட கஞ்சி, அதையும் அத்தைதான் ஊட்டுவார்.

நான் கதவில் காதை வைத்தேன். கத்தரிக்கோல் வெட்டுகிற சத்தம். பிறகு அத்தையின் குரல்: "பாப்பா தூங்குறா. இப்பவே மாத்திடலாம்."

நான் தூங்கவில்லை. கதவுக்கு வெளியேதான் நின்றேன்.

இன்னொரு நாள்: "இன்னிக்குப் பாப்பா ரொம்ப அடம் பிடிக்கிறா. காலையிலேருந்து நிக்கவே இல்ல."

மாமா சோர்ந்த குரலில், "எனக்கே அலுத்துப் போச்சு இவளோட," என்றார்.

அன்றைக்கு நான் எந்த அடமும் பிடிக்கவில்லை. கொடுத்த சோற்றைச் சாப்பிட்டு, பள்ளிப் பாடம் எழுதிவிட்டுத்தான் கதவருகே வந்திருந்தேன். மாமாவுக்கு நான் அலுத்துப் போய்விட்டேன் என்பதை அவர் வாயாலேயே கேட்டுவிட்டேன். பின்கட்டில் போய் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்த பின் வேறொரு சந்தேகம் வந்தது. ஒருவேளை உள்ளே இன்னொரு பாப்பா இருக்கிறதோ? மருத்துவமனையிலிருந்துதானே எல்லோரும் பாப்பா கொண்டுவருகிறார்கள். என் இடத்தில் வைப்பதற்காக ஒன்றைக் கொண்டுவந்து, என் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பாப்பா யார் என்று அத்தை எனக்குச் சொன்னது எனக்குக் கல்யாணமான பிறகு, அம்பாங்கானில் என் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. குடலை வெட்டிய இடத்தை உடனே தைத்தால் அந்தச் சீழில் தையல் நிற்காது என்று, டாக்டர்கள் குடலின் ஒரு முனையை வயிற்றுக்கு வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். மலம் அந்த வழியாக வந்து, வயிற்றில் ஒட்டியிருக்கும் ஒரு பையில் விழும். சில மாதம் கழித்து உள்ளே தைத்து மூடுவதாக ஏற்பாடு. சிவப்பாக, ஈரமாக, ஒரு சின்ன வாய் போல இருந்த அதைப் பார்க்க மாமாவுக்குக் கூச்சம். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாராம். கட்டுப்பாடே இல்லாமல் அது ஒழுகும்போது தன்னைத் தானே திட்டிக்கொள்வாராம். அத்தைதான் அதற்குப் பாப்பா என்று பெயர் வைத்தார். "பாப்பா பண்ணிட்டான்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்கல்ல," என்றார் என்னிடம். கல்யாணமான புதிதில் வேறு எந்தப் பெயரும் தோன்றவில்லையாம். அந்த வீட்டில் அப்போது தன் வாயில் அதிகம் வந்த பெயர் அதுதானாம்.

எட்டு வயதில் இது எதுவும் எனக்குத் தெரியாது. அத்தையின் தாயார் ரஹாங்கிலிருந்து வந்தபோது எனக்கு நம்பிக்கை பிறந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. அந்த அம்மா கூடத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திப் பேசினார். அது எல்லோருக்கும் கேட்டது.

"கொஞ்ச நாளைக்கு அங்க வந்து இரு. அவரு நல்லான பின்னாடி வரலாம். இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்தச் சூசா, இந்தக் கஷ்டமெல்லாம்?"

அம்மா அடுக்களையில் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். அறைக்குள் இருந்த மாமாவுக்கும் கேட்டிருக்கும்.

"நான் வந்துட்டா அவருக்கு யாரும்மா மாத்துவா?" என்றார் அத்தை.

எனக்கு ஆத்திரம் வந்தது. மாற்றுவதற்கு ஆளா இல்லை? மாமாவின் சட்டையை நான் மாற்ற மாட்டேனா? நான் சொல்ல வாயெடுத்தேன். அம்மா அடுக்களையிலிருந்து வந்து என் வாயைப் பொத்தினார். அன்றிரவுச் சோற்றில் அம்மா அத்தைக்குத்தான் முதலில் போட்டார். பெரிய மீன் துண்டும் அவருக்குத்தான் போயிற்று. ஆக, அம்மாவும் அந்தப் பக்கம் போய்விட்டார்.

பிறகு ஒருநாள் பள்ளி விட்டு வந்தேன். அம்மா வேலையில், அப்பா லோரி ஓட்டப் போயிருந்தார். அத்தை துணி துவைக்கிற சோப்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தார். தாழ் போட்ட கதவுக்கு உள்ளிருந்து மாமாவின் குரல் வந்தது.

"யாரு, பாப்பாவா?"

அந்த ஒரு தடவை நான்தான் பாப்பா என்பதில் சந்தேகம் இல்லை.

"ஆமா மாமா."

"அத்தைய கூட்டிக்கிட்டு வா. சீக்கிரம்."

"என்ன வேணும் மாமா? நான் செய்யுறேன்."

"நீ செய்யக்கூடாது பாப்பா."

"எனக்குச் செய்யத் தெரியும். கதவைத் திறங்க."

பிறகு மாமா அழுவது கேட்டது. பெரிய ஆண் அழுவதை நான் அதுவரை கேட்டதில்லை. இருமல் என்றுதான் முதலில் நினைத்தேன். "ஓடுடா கண்ணு. அத்தைய வரச் சொல்லு," என்றார்.

ஓடினேன். பயந்து ஓடினேன் என்று எழுத ஆசைதான். பயமும் இருந்தது. ஆனால் செம்மண் பாதையில் ஓடிக்கொண்டே நான் நினைத்ததெல்லாம், பக்கத்தில் நான் ஒருத்தி இருந்தும் தூரத்தில் இருக்கிறவரைத்தானே கேட்கிறார் என்பதைத்தான். கடை வாசலில் அத்தையைப் பார்த்து, "மாமா கூப்பிடுறாரு," என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. அத்தை என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த சோப்பைக் கடைக்காரரின் பலகையிலேயே வைத்துவிட்டு, சிலிப்பர் ஒன்று நழுவியதைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் ஓடினார். நான் அந்தச் சிலிப்பரை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஜன்னலிலிருந்து படுக்கை விரிப்பு, லுங்கி, துவாலை எல்லாம் பின்பக்கம் வந்து விழுந்துகொண்டிருந்தன. நாற்றம் வெளியிலும் வந்தது. வெகுநேரம் கழித்து அத்தை வெளியே வந்தார். குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகு பின்படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க வாந்தியை அடக்கினார். அடக்க முடியவில்லை. எழுந்து செம்பனை மரத்தடியில் போய் எடுத்தார். முகத்தைக் கழுவி, நெற்றியில் பொட்டைச் சரிசெய்தார். கதவைத் திறக்கும்போதே, "பாப்பா இன்னிக்கு என்ன இப்படிப் பண்ணிட்டா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

மாமா திட்டியிருப்பார், அத்தை அழுததில்தான் வாந்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். நன்றாக வேண்டும் என்றும் நினைத்தேன். சிலிப்பரை வாசலில் அவருடைய இன்னொரு சிலிப்பருக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை.

சில மாதம் கழித்து இரண்டாவது அறுவை சிகிச்சைக்கு மாமா சிரம்பானுக்குப் போனார். குடலை உள்ளே தைத்து மூடுவதற்கு. இந்த முறை போகும் வழியில் நின்று, குனிய முடியாமல் குனிந்து, என் தலையைத் தடவினார். "வந்த பிறகு மோட்டார்ல போலாம்," என்றார். அத்தை கூடப் போனார். நான் வீட்டில் இருந்தேன்.

அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது என்று போன் வந்தது. ஆனால் அம்மா அதற்குச் சந்தோஷப்படவில்லை. எதற்காகவோ காத்திருந்தார். மாமாவுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையாம். டாக்டர் தினமும் காலையில் வந்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போகிறாராம். பக்கத்து வீட்டு அக்கா வேலி ஓரமாக வந்து, "ஆச்சா?" என்பார். அம்மா, "இன்னும் இல்லக்கா," என்பார். அப்பா லோரியிலிருந்து இறங்கியதும் அதையே கேட்பார். வீட்டில் அடுப்பு ஏதோ பேருக்கு எரிந்தது. தையல் விட்டுவிட்டால் மறுபடியும் தாங்க மாட்டான் என்று அம்மா சாமி படத்திடம் சொன்னதைக் கேட்டேன். எந்தத் தையல் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஒருநாள் மத்தியானம் அம்மா குளிக்கப் போயிருந்தபோது போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். மறுமுனையில் அத்தை. மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"பாப்பா," என்றார் ஒருவழியாக. "உன் மாமாவுக்குக் காத்து பிரிஞ்சிருச்சு."

எனக்குப் புரியவில்லை. "என்ன அத்தை?" என்றேன். அவரை அத்தை என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"காத்து பாப்பா. குசு. இப்பத்தான். எனக்கே கேட்டுச்சு. நான் அம்மாகிட்ட சொல்லக்கூட நிக்கல, உன்கிட்டயே சொல்லிட்டேன் பாரு." சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பின்னால் நர்ஸ் மிஸி யாரோ மலாய் மொழியில் சத்தமாகச் சிரிப்பது கேட்டது.

குளியலறையிலிருந்து ஈரத் துணியோடு வந்த அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு எழுந்து வேலிக்கு ஓடினார். "அக்கா, ஆயிருச்சுக்கா. தைச்ச குடல் வேல செய்ய ஆரம்பிச்சிருச்சு. இனிமே தண்ணி குடுப்பாங்க." பக்கத்து வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கடுத்த வீட்டுக்கும் செய்தி போயிற்று. சாயங்காலம் அப்பா வரும்போது ஒரு பொட்டலம் ஜாங்கிரி வாங்கி வந்தார். எல்லோருக்கும் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

நான் தினமும் செய்கிற காரியம் அது. செய்தால் அம்மா வெளியே போகச் சொல்லித் திட்டுவார், அப்பா மூக்கைப் பிடித்துக்கொள்வார். மாமா ஒரே ஒரு தடவை விட்டதற்கு சிரம்பானிலிருந்து போன், கண்ணீர், கும்பிடு, தோட்டம் முழுக்க ஜாங்கிரி. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஜாங்கிரியைத் தின்றுவிட்டு, அன்று சாயங்காலம் முழுக்க நான் யாரோடும் பேசவில்லை.